மரமாடமும் பல்கலைக் கூட்டுறவும்

உணவும் உடையும் உறையுளும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இம்மூன்றனுள் தலைமுறை கடந்து நிற்பது உறையுள் ஒன்றே. உண்ட உணவு அன்றே அறும். உடுத்த உடை சில ஆண்டிற் கிழியும். கட்டிய வீடோ கட்டினவன் பேரர்க்கும் நிழல் தரும். ஆதலின், வீடு கட்டுவோன் தன் காலத்தார்க்கு மட்டுமன்றித் தனக்குப் பின் வருவார்க்கும் கடமைப்பட்டவன் ஆகின்றான். அவன் செய்யும் நன்மை நெடிது நிற்பதுபோலவே அவன் செய்யும் பிழையும் நெடிது நிற்கும்.

இக்காலத்தே மேலைநாடுகள் பலவற்றில் மரத்தாலாகிய நெடுநிலை மாடங்கள் எழுந்து வருகின்றன. அவற்றைப்பற்றிய செய்தி வருந்தோறும், 'எத்தனை நிலை? எத்தனை மீட்டர்? உலகில் உயர்ந்தது இதுதானோ?' என்னும் வினாக்களே முந்துகின்றன. இவை முதன்மையான வினாக்கள் அல்ல என்பது எம் கருத்து. 'இம்மாடத்தைத் திட்டமிட்ட முதல் நாளில் யார் யார் ஒருங்கு அமர்ந்திருந்தனர்?' என்பதே முதற்கண் கேட்கத்தக்கது. மரமாடத்தின் நன்மையும் தீமையும் மரத்தில் மட்டும் இல்லை. அதனை ஆக்குவோர் கூடி எண்ணினரா, பிரிந்து எண்ணினரா என்பதிலேயே பெரிதும் உள்ளன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'இலக்கியம் பயிலும் மாணவர்க்குக் கட்டட நூலில் என்ன வேலை?' என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்க்கு விடையாகச் சொல்லாராய்ச்சி ஒன்றையே வைக்கின்றோம். கட்டடக் கலைஞரை ஆங்கிலர் 'ஆர்க்கிடெக்ட்' என்பர். அச்சொல் கிரேக்க மொழியினின்றும் வந்தது. 'ஆர்க்கி' என்பது தலைமை. 'டெக்டோன்' என்பது தச்சன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் தச்சனைக் குறித்து நிற்பது இந்த 'டெக்டோன்' என்னும் சொல்லே. வடமொழியிலுள்ள 'தக்ஷன்' என்பது இதனோடு ஓரினத்தது. அதனோடு நம் 'தச்சன்' என்னும் சொல்லையும் அகராதியார் தொடர்புபடுத்துவர். எனவே, கட்டடக் கலைஞன் என்பான் சொல்லின் மூலப்பொருளில் தலைமைத் தச்சனே ஆவன். வரைவோன் வேறு, கணக்கிடுவோன் வேறு, மரத்தைத் தொட்டு அறுப்போன் வேறு என்னும் பாகுபாடு அச்சொல் பிறந்த காலத்தில் இல்லை.

அப்பாகுபாடு இல்லாத காலத்துத் தச்சர்கள் என்ன செய்தனர் என்பதற்கு இன்றும் நிற்கும் சான்றுகள் உள. ஜப்பானில் நாரா நகரை அடுத்த ஹோரியூஜி என்னும் மடத்திலே ஐந்தடுக்கு மரக்கோபுரம் ஒன்று ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கின்றது. சீன நாட்டு ஷான்சி மாகாணத்தில் 1056-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட புத்தர் கோபுரம் 67 மீட்டர் உயரமுடையது, முழுவதும் மரமே. நார்வே நாட்டுப் போர்குண்டு மரத் தேவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டினது. பனியும் புயலும் நிலநடுக்கமும் இவற்றை வீழ்த்தவில்லை. என்னை? அக்காலத் தலைமைத் தச்சன், எம்மரத்தை எக்காட்டில் எப்பருவத்தில் வெட்டுவது என்பதையும், வெட்டிய மரம் எத்துணைச் சுருங்கும் என்பதையும், மழைநீர் எவ்வழி ஒழுகும் என்பதையும், காற்று எத்திசையில் மோதும் என்பதையும் ஒருங்கே அறிந்திருந்தான். வனநூலும் கணித நூலும் கைத்தொழிலும் அவன் ஒருவன் தலையிலே குடியிருந்தன.

பின்னர் இரும்பும் கான்கிரீட்டும் வந்தன. அறிவு பெருகப் பெருகக் கிளைகளும் பெருகின. இன்று ஒரு கட்டடத்துக்குக் கட்டடக் கலைஞர் ஒருவர், பாரம் கணிக்கும் எஞ்சினியர் ஒருவர், தீக்காப்பு வல்லார் ஒருவர், ஒலிநூல் வல்லார் ஒருவர், நீரும் காற்றும் மின்சாரமும் அமைப்போர் சிலர், கட்டுமானத் தலைவர் ஒருவர் எனப் பலர் உளர். இப்பிரிவினையை யாம் குறைகூறவில்லை. ஒவ்வொரு துறையும் ஆழ்ந்து சென்றதன் பயனே இன்றைய பெருங்கட்டடங்கள். ஆயின், இவர்கள் வேலை செய்யும் முறையோ அஞ்சலோட்டம் போன்றதாகிவிட்டது. ஒருவர் வரைந்து முடித்து அடுத்தவர் கையில் கொடுக்கின்றார். அவர் கணக்கிட்டு அடுத்தவர்க்குத் தள்ளுகின்றார். இரும்பும் கான்கிரீட்டும் இம்முறையை ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். மரம் பொறுத்துக்கொள்ளாது. அதன் காரணத்தை இனிக் காண்போம்.

நெடுநிலை மாடங்களுக்கு உதவும் மரம் காட்டிலிருந்து வந்தவாறே நிறுத்தப்படும் கட்டை அன்று. இயற்கை மரம் நாரோட்டத்தின் வழியே வலியது; குறுக்கே மெலியது. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் குறுக்கே விரிந்து சுருங்குவது. இக்குறையைப் போக்க இருவகை மரங்களை ஆக்கியுள்ளனர். பலகைகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டித் தூணும் உத்தரமுமாகச் செய்வது ஒன்று. இதற்கு ஜெர்மனியில் ஒட்டோ ஹெட்சர் என்பார் 1906-ஆம் ஆண்டில் உரிமைப் பட்டயம் பெற்றார். இதனை ஒட்டடுக்கு மரம் என்னலாம். ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்குக் குறுக்காகவும் மாறிமாறி வைத்து ஒட்டிச் சுவரும் தளமுமாகச் செய்வது மற்றொன்று. இது 1990-களில் ஆஸ்திரியா, ஜெர்மனி நாடுகளில் வளர்ந்தது. இதன் ஆராய்ச்சியில் தலைநின்ற கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர் 2019-ஆம் ஆண்டில் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றார். இதனைக் குறுக்கடுக்கு மரம் என்போம். குறுக்கு நெடுக்காக அமைந்த அடுக்குகள் ஒன்றன் சுருக்கத்தை மற்றொன்று தடுக்கின்றன. ஒன்றன் மெலிவை மற்றொன்று தாங்குகின்றது. கூட்டுறவின் பெருமையை இப்பலகையே நமக்குக் கற்பிக்கின்றது எனலாம்.

இம்மரத்தை இத்துணை விரும்புவது ஏன்? கட்டடங்களை ஆக்குவதாலும் அவற்றைப் பயன்படுத்துவதாலும் எழும் கரியமில வாயு, உலகில் எரிபொருளாலும் தொழில்முறைகளாலும் எழுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது என ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சிமெண்டு ஒன்றே உலகக் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கை வெளிவிடுகின்றது. சூளையில் எரிக்கும் நிலக்கரி மட்டும் இதற்குக் காரணமன்று; சுண்ணாம்புக் கல் வெந்து நீறாகும்போது கல்லினின்றே அவ்வாயு பிரிகின்றது. எனவே எரிபொருளை மாற்றினாலும் பாதிக் குறை நிற்கும். மரமோ வளரும்போதே அவ்வாயுவை உண்டு கரியாகத் தன்னுள் சேர்ப்பது. ஒரு கன மீட்டர் ஊசியிலை மரத்தின் உலர்ந்த எடை ஏறத்தாழ 500 கிலோகிராம். அதிற் பாதி கரி. அக்கரி காற்றிலிருந்து பிரித்த கரியமில வாயுவோ ஏறத்தாழ 900 கிலோகிராம். அக்கரி, மரம் எரியாமலும் மட்காமலும் கட்டடமாய் நிற்குமளவும் அதனுள்ளே நிற்கும். மேலும், மரம் கான்கிரீட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கே உடையது. ஆலையிலேயே அளவாக அறுத்துக் கொணர்ந்து விரைவிற் பொருத்தத்தக்கது. இலண்டன் மாநகரில் 2009-இல் முடிந்த ஒன்பது நிலை மாடம் ஒன்றின் மரவேலையைத் தச்சர் நால்வர் 27 வேலைநாளில் முடித்தனர்.

இதுகாறும் கூறியவை நலங்கள். இனி, ஒவ்வொரு நலமும் அடுத்த துறையாரிடம் செல்லும்போது எவ்வாறு இடராக மாறுகின்றது என்பதை நோக்குவோம். இங்கேதான் எம் வாதத்தின் உயிர்நிலை உள்ளது.

எடை குறைவு என்பது அடித்தளம் இடுவோர்க்கு நலம். காற்றைக் கணிப்போர்க்கு இடர். இலேசான நெடுமாடம் புயலில் வீழாதெனினும் ஊசலாடும். மேல்நிலையில் உறைவார்க்குத் தலை சுற்றும். நார்வே நாட்டில் மியோசா ஏரிக்கரையில் 2019 மார்ச்சு மாதம் முடிந்த மியோஸ்டோர்னெட் என்னும் மாடம் 18 நிலையும் 85.4 மீட்டர் உயரமும் உடையது. அதன் தூணும் உத்தரமும் சாய்தாங்கியும் ஒட்டடுக்கு மரமே. ஆயினும் அதன் மேலுள்ள ஏழு நிலைகளின் தளங்களைக் கான்கிரீட்டால் அமைத்தனர். உச்சியிற் பாரம் ஏற்றினால் ஊசலாட்டம் மெல்லிதாகும் என்பதே காரணம். 'மரமாடத்திற் கான்கிரீட்டா?' என்று எள்ளுவார் உளர். எமக்கோ அஃது இழுக்காகத் தோன்றவில்லை. பெயருக்கும் புகழுக்கும் ஆசைப்படாது, உறைவார் நலம் கருதிய கூட்டு முடிவாகவே தோன்றுகின்றது.

தீயை எடுத்துக்கொள்வோம். மெல்லிய சுள்ளி நொடியில் எரியும். பருத்த மரமோ மேலே கரிந்து, அக்கரியே போர்வையாகி, உள்ளே தீ புகாமற் காக்கும். கரிவது நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர் அளவு என ஐரோப்பியக் கட்டட விதி கொள்கின்றது. ஒரு மணியில் நான்கு சென்டிமீட்டர் அளவாம். எனவே பாரம் தாங்கும் தடிப்புக்கு மேல், தீ தின்பதற்கென்றே ஒரு தடிப்பைச் சேர்த்துத் தூண் செய்கின்றனர். இவ்வளவில் தீ முடிந்ததோவெனின், இல்லை. வெப்பத்தில் பசை இளகினால் கரிந்த அடுக்கு உதிர்ந்துவிடும்; புதிய மரம் வெளிப்படும்; தணிந்த தீ மீண்டும் மூளும். ஆகவே அமெரிக்கத் தர விதி 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில், இளகாத பசையே வேண்டுமெனச் சோதனையோடு விதித்தது. இங்கே இரசாயன நூலாரும் அவைக்கு வந்துவிட்டார். தூண்களை இணைக்கும் எஃகுத் தகடு வெளியே தோன்றினால் தீயில் அது முதலில் தளரும். அதனை மரத்துள் புதைக்க வேண்டும். புதைக்கும் பள்ளத்தை ஆலையில் அறுப்போர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். இங்கே தச்சர் வந்துவிட்டார்.

மரத்தின்மேல் ஜிப்சம் பலகை வேய்ந்து தீயைத் தடுப்பது பிறிதொரு முறை. தீக்காப்பு வல்லார்க்கு அது நிறைவு தரும். ஆயின், நீர்க்குழாய் கசிந்தால் அப்பலகை கசிவை மறைக்கும். மறைந்த ஈரத்தில் மரம் மட்கும். தீயைக் கண்டவுடன் தானே நீர் சொரியும் குழாய்கள் உயிரைக் காக்கும். அவையே பழுதுற்று ஒழுகினால் தளத்தை ஊறவைக்கும். இலேசான தளத்தின்மேல் ஒருவர் நடந்தால் கீழ்நிலையார்க்கு அவ்வடியோசை கேட்கும்; அதனைத் தணிக்கத் தளத்தின்மேல் மெல்லிய கான்கிரீட்டுப் பூச்சு இடுவர். பூச்சு இட்டால் ஓசை அடங்கும். ஆயின் நாளைக் கட்டடத்தைப் பிரித்துப் பலகையை மீண்டும் பயன்படுத்துவது அரிதாகும். ஒருவர் தீர்வு ஒருவர்க்குச் சிக்கலாவதை இவற்றால் அறிக. வரைபடம் முற்றிய பின்னர் ஒருவர்பின் ஒருவராய் வருவாராயின், பின் வந்தவர் முன் வந்தவர் செய்ததைச் சிதைத்தே தம் வேலையைச் செய்ய நேரும். ஆலையில் துளையும் பள்ளமும் அறுத்து முடிந்த பலகையைக் கட்டுமிடத்தில் திருத்துதல் எளிதன்று. ஆதலின் மரமாடத்திற்கு அஞ்சலோட்டம் ஆகாது. ஒரே பந்தியில் யாவரும் அமர்தல் வேண்டும்.

அவ்வாறு அமர்ந்ததற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு, மாணவராகிய நமக்கு நெருங்கிய பொருளான மாணவர் விடுதி ஒன்றே. கனடா நாட்டு வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 2017-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பிராக் காமன்ஸ் விடுதி 18 நிலையும் 53 மீட்டர் உயரமும் உடையது. நானூற்றுக்கு மேற்பட்ட மாணவர் அதில் உறைகின்றனர். அடிநிலையும், படியும் மின்தூக்கியும் அமைந்த இரண்டு நடுத்தண்டுகளும் கான்கிரீட்டு. மேலுள்ள 17 நிலைகளின் தூணும் தளமும் மரம். அக்காலத்து அம்மாகாண விதி ஆறு நிலைக்குமேல் மரவீடு கட்ட இடந்தரவில்லை. ஆகவே அவ்விடத்துக்கென்றே தனி விதி ஒன்று 2015-இல் இயற்றப்பட்டது. வேறு வல்லுநர் குழுவினர் திட்டத்தை ஆராய்ந்து ஒப்பினர்.

யாம் வியப்பது அதன் உயரத்தையன்று, ஆக்கிய முறையையே. கட்டடக் கலைஞரும், பாரம் கணிப்போரும், தீக்காப்பு வல்லாரும், கட்டுமானத் தலைவரும், மரம் பொருத்தும் தச்சர் குழுவினரும் திட்டம் உருவாகும்போதே கலந்து எண்ணினர். கணினியில் முழுக் கட்டடத்துக்கும் ஒரு மாதிரி ஆக்கி, ஒவ்வொரு குழாயும் எந்தத் தளத்தை எவ்விடத்தில் துளைக்கும் என்பதை முன்னரே கண்டு, அத்துளைகளை ஆலையிலேயே இட்டனர். இவையும் போதாவென, இரண்டு நிலை உயரத்துக்கு உண்மை அளவிலேயே ஒரு முன்மாதிரியைக் கட்டி இணைப்புகளைச் சோதித்தனர். மேல்தூணின் பாரம் இடையிலுள்ள தளத்தை நசுக்காமல், எஃகு இணைப்பின் வழியே நேரே கீழ்த்தூணுக்கு இறங்குமாறு செய்தனர். மேல்நிலைகள் எழும்போதே கீழ்நிலைகளில் ஜிப்சம் பலகை வேய்ந்து, வேலைக்காலத் தீக்கும் காப்புத் தேடினர். இதன் பயன் யாது? 2016-ஆம் ஆண்டுக் கோடையில் 17 நிலை மரவேலையும் எழுபது நாளுக்குள் முடிந்தது. விரைவு தச்சர் கையிற் பிறந்ததன்று. கூடி எண்ணிய மாதங்களிற் பிறந்தது.

கூடாமையால் வரும் கேட்டையும் மறைத்தல் ஆகாது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் மரத்தால் எழுந்துகொண்டிருந்த இரசாயன ஆய்வுக்கூடம் 2014 செப்டம்பரில், கட்டுமானம் முடியுமுன்னரே, தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டி 2017-இல் திறந்தனர். முடிந்த மாடத்துக்குக் காப்பு எண்ணினாற் போதாது, முடியாத மாடத்துக்கும் காப்பு எண்ண வேண்டும் என்பதும், அதனை அறிந்த கட்டுமானத் தலைவர் முதல்நாளே அவையில் இருத்தல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும். நார்வே நாட்டு ட்ரெட்டன் என்னும் ஊரில் 2012-இல் கட்டிய மரப்பாலம் 2022 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஆற்றில் வீழ்ந்தது. மேலே சென்ற ஊர்தியோட்டிகள் இருவரும் மீட்கப்பட்டனர். முறிவு தொடங்கியது மரமும் எஃகும் கூடும் இணைப்பிலே. இரு பொருள்கள் கூடுமிடம் இரு துறைகள் கூடுமிடமும் ஆகும். அங்கே ஒருவர் அறிவு மற்றவர்க்கு எட்டாதாயின் பாலம் எத்துணைப் பருமனாயினும் பயனில்லை.

மரமே இல்லாத ஒரு துயரமும் இதனையே உரைக்கின்றது. இலண்டனில் 2017 ஜூன் 14-ஆம் நாள் கிரென்ஃபெல் கோபுரத்தில் மூண்ட தீ 72 உயிரைக் கொண்டது. அக்கோபுரம் கான்கிரீட்டு, எரிந்து பரவியது பின்னாற் சேர்த்த புறப்போர்வை. 2024 செப்டம்பரில் வந்த விசாரணையின் இறுதி அறிக்கை, அப்போர்வைப் பொருளைத் தெரிந்தெடுத்ததில் தொடர்புடைய ஒவ்வொருவரும் அதன் காப்புக்குப் பொறுப்பாளர் வேறொருவரே என எண்ணியிருந்தனர் என்று காட்டிற்று. இச்சொல்லினும் கொடியது ஒன்று உண்டோ? பலர் இருந்தும் ஒருவரும் இல்லாமை இதுவே. 2018 இறுதியில் இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் புறச்சுவரில் எரியத்தக்க பொருள் எதனையும் விலக்கிற்று. மரமும் அதனுள் அடங்கிற்று. பொறுப்பைப் பகிர்ந்து கொள்ளாதார் செய்த பிழைக்கு மரமும் தண்டம் இறுத்தது என்னலாம். உயிரிழந்தாரை நோக்க அத்தண்டம் மிகையென்று யாம் கூறத் துணியோம்.

கூடி எண்ணினால் விதியும் செம்மையாகும் என்பதற்கு அமெரிக்கா சான்று. ஆங்குக் கட்டட விதி வகுக்கும் மன்றம் நெடுமரமாடத்துக்கென ஒரு குழு அமைத்தது. கட்டடக் கலைஞர், எஞ்சினியர், தீயணைப்பு அதிகாரிகள், பொருள் ஆக்குவோர் எனப் பல திறத்தார் அதில் இருந்தனர். ஆய்வுக்கூடத்தில் உண்மை அறைகளையே எரித்துச் சோதித்தனர். அதன் பயனாக 2021-ஆம் ஆண்டு விதி, மரம் முழுவதும் மூடப்பட்டால் 18 நிலையும், ஒரு பகுதி வெளித்தோன்றினால் 12 நிலையும், பெரிதும் வெளித்தோன்றினால் 9 நிலையும் எனப் படிப்படியாக இடந்தந்தது. மில்வாக்கி நகரில் 2022-இல் முடிந்த அசென்ட் மாடம், ஆறு நிலைக் கான்கிரீட்டின்மேல் 19 நிலை மரமாக 86.6 மீட்டர் உயர்ந்தது; அதற்குரிய தூண்களை அரசாங்க மரப்பொருள் ஆய்வுக்கூடம் மூன்று மணிநேரம் தீயிலிட்டுச் சோதித்தது. கண்மூடி விலக்குதலும் கண்மூடி ஏற்றலும் ஆகிய இரண்டினும் இம்முறை மேம்பட்டது என்பது எம் துணிபு.

இனி, காட்டைக் குறித்த தடை ஒன்று உண்டு. அது வலிய தடை. 'மாடம் உயர உயரக் காடு தேயாதோ?' என்பர். வெட்டிய மரத்தின் வேரும் கிளையும் மட்கிக் கரியமில வாயு வெளிப்படும். நட்ட கன்று அதனை ஈடுசெய்யப் பல்லாண்டு ஆகும். ஆதலின் மரம் தூயது என்னும் கணக்கு முழுமையன்று என்று ஆராய்ச்சியாளர் சிலர் எச்சரிக்கின்றனர். இவ்வெச்சரிக்கையை யாம் புறக்கணிக்கவில்லை. மேலே காட்டிய 900 கிலோகிராம் என்னும் கணக்கு, வெட்டிய இடத்தில் மீண்டும் காடு எழுந்தாலன்றி மெய்யாகாது. மாடம் முப்பது ஆண்டில் இடிந்து அடுப்புக்குப் போகுமாயினும் மெய்யாகாது. எனவே வனநூலாரும் திட்ட அவையிலே முதல்நாள் தொட்டு இருத்தல் வேண்டும். இக்காடு ஆண்டுதோறும் எவ்வளவு தரவல்லது, எப்பருமனுள்ள மரம் மிகுதி என்பதை அவர் கூற, அதற்கேற்பத் தூணின் அளவை வகுப்பதே முறை. இன்று நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். மாடத்தை வரைந்துவிட்டு மரத்தைத் தேடுகின்றனர். பழைய தச்சன் காட்டில் தொடங்கிக் கோபுரத்தில் முடித்தான். அவ்வரிசையே செவ்விய வரிசை.

ஆகவே எம் முடிவை மூன்று கூறாகச் சொல்லுவோம். மீண்டும் வளரும் காட்டிலிருந்து வாராத மரத்தால் மாடம் எழுப்புதல் தகாது. வனநூலார் முதல் தச்சர் ஈறாக யாவரும் முதல்நாளே கூடாத திட்டத்தை அதிகாரிகள் ஏற்றல் தகாது. கட்டும் நாளிலேயே பிரிக்கும் நாளையும் எண்ணி, பலகை மறுபிறப்பு எடுக்குமாறு இணைப்புகளை அமைத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால் எட்டு நிலை மாடமும் பெருமைக்குரியது. பொருந்தாதாயின் நூறு நிலை மாடமும் வீண் ஆரவாரமே. மேலைநாட்டு ஊசியிலை மரமாடத்தை அப்படியே நம் நாட்டில் நடவேண்டும் என்றும் யாம் சொல்லவில்லை. கறையானும் புழுக்கமும் அடைமழையும் உள்ள நாட்டுக்கு, அவற்றை அறிந்த வல்லுநரும் அவையில் அமர்ந்து வேறு விடை காண வேண்டியிருக்கும். இங்கும் முதல் வினா, யார் கூடினர் என்பதே.

நண்பர்காள்! கல்லூரியில் நாம் எவ்வாறு இருக்கின்றோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரசாயனம் பயில்வாரும் தாவரநூல் பயில்வாரும் பொருளாதாரம் பயில்வாரும் இலக்கியம் பயில்வாரும் ஒரே விடுதியில் உண்கின்றோம். ஒரே மைதானத்தில் ஆடுகின்றோம். ஆயினும் ஒருவர் பாடத்தை மற்றவர் ஒரு நாளும் கேட்பதில்லை. தாவரநூலார் மரத்தின் செல்லை அறிவர். பௌதிக நூலார் அதன் வலியை அறிவர். பொருளாதாரத்தார் அதன் விலையை அறிவர். மரத்தை முழுதும் அறிந்தவர் எவருமிலர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு பொருளை நடுவே வைத்து எல்லாத் துறை மாணவரும் கூடி ஆராயும் கூட்டம் ஒன்று நம் கல்லூரிகளில் ஏற்படுமாயின், நாளைக்கு எஞ்சினியராகவும் அதிகாரியாகவும் ஆசிரியராகவும் செல்வோர், பிறர் மொழியைக் கேட்கும் பழக்கத்தை இங்கேயே பெற்றுச் செல்வர். தமிழ் மாணவர்க்கும் அங்கே பணி உண்டு. ஒரு துறையின் பொருளை மறு துறையார்க்கு விளங்கச் சொல்லுதற்குச் சொல் வேண்டும். அச்சொல்லைத் தேடித் தருதல் மொழி பயின்றார் கடனன்றோ?

பண்டு தலைமைத் தச்சன் ஒருவன் தலையில் அடங்கியிருந்த அறிவு இன்று பதின்மர் தலையிற் பரந்துள்ளது. அதனை மீண்டும் ஒரு தலைக்குள் சுருக்குதல் இயலாது. சுருக்குதல் வேண்டுவதும் அன்று. பதின்மரையும் ஒரு பந்தியில் இருத்துதல் இயலும். நெடுக்கும் குறுக்குமாகிய பலகைகள் ஒன்றை ஒன்று பற்றி நிற்பதாலன்றோ தளம் தாங்குகின்றது? அங்ஙனமே வேறுபட்ட அறிவுகள் ஒன்றை ஒன்று பற்றி நிற்கும் இடத்தில், மாடமும் தாங்கும். அதனுள் உறையும் உயிர்களும் அச்சமின்றி உறங்கும்.